ஐம்பது டாலருக்குள் நியாயம்

ஆட்டத்தில் திருட்டுத்தனம் செய்கிறவனை என்ன செய்வது என்று நமக்குத் தெரியும். கூப்பிட்டுச் சொல்லலாம், ஆட்டத்தை நிறுத்தலாம், அடுத்த தடவை சேர்க்காமல் விடலாம். ஆனால் ஒரு விதியையும் மீறாமல், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து, அப்படியும் நியாயமில்லாமல் ஜெயித்ததாக மற்றவர்களுக்குத் தோன்றுகிற ஒருவனை என்ன செய்வது? அவன்மேல் என்ன குற்றம் சொல்வது? அவனிடம் காசு இருந்தது, நம்மிடம் இல்லை. அவ்வளவுதானே?

இந்தக் கேள்வியை வாழ்க்கையின் எந்த மூலையிலிருந்தும் தொடங்கலாம். நான் ஒரு கார்டு விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன். விளையாட்டு சின்னது என்பதால் அதில் எல்லாம் கொஞ்சம் தெளிவாகத் தெரியும்.

மேஜிக்: தி கேதரிங் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தேவையான அளவு சொல்லிவிடுகிறேன். மந்திரவாதிகள் மோதிக்கொள்வதாகக் கற்பனை. ஒவ்வொருவரும் தாங்களே கார்டுகளைத் தேர்ந்தெடுத்து ஒரு டெக் கட்டிக்கொண்டு வர வேண்டும். நிலம் என்ற கார்டுகளிலிருந்து மானா என்ற சக்தி வரும். அந்தச் சக்தியைச் செலவு செய்து பூதங்களை அழைக்கலாம், மந்திரம் போடலாம். இதில் இன்று மிகப் பிரபலமான வடிவம் கமாண்டர். பெரும்பாலும் 4 பேர் உட்கார்ந்து ஆடுவது. ஆளுக்கு 100 கார்டு, அடிப்படை நிலங்களைத் தவிர ஒரு கார்டில் ஒரு பிரதிதான். ஆளுக்கு 40 உயிர். 100 கார்டில் ஒன்று தலைவன். அது டெக்குக்குள் கலக்காமல், எப்போது வேண்டுமானாலும் அழைக்கும்படி தனியே காத்திருக்கும்.

இப்போது ஒரு மேஜையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவரின் டெக் 40 டாலர். இன்னொருவருடையது 4,000 டாலர். மற்ற இருவரும் நடுவில் எங்கோ. நான்குமே விதிப்படி சரியான டெக். ஆட்டம் தொடங்கலாமா?

*

சதுரங்கத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. தந்தத்தில் செய்த குதிரையும் பிளாஸ்டிக் குதிரையும் ஒரே மாதிரிதான் தாவும். மேஜிக்கில் குதிரையை நீங்கள் கடையில் வாங்கி வர வேண்டும். நல்ல குதிரைக்கு விலை அதிகம்.

ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதம் படித்தவர். 1993-ல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்டபோது அவருடைய எதிர்பார்ப்பு ஏறத்தாழ இப்படி இருந்தது: ஆட்கள் சில பாக்கெட்டுகள் வாங்குவார்கள், நண்பர்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள், வலுவான கார்டு அபூர்வமாக இருப்பதால் ஒரு நட்பு வட்டத்துக்குள் அதிகம் தென்படாது. அபூர்வமே கடிவாளம். யாரும் எல்லாக் கார்டையும் வாங்கிக் குவிப்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை. குவித்தார்கள். ஒரே கார்டை எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த தொடக்ககால நிலை மாறி, ஒரு டெக்கில் 4 பிரதிதான் என்ற வரம்பு 1994-ல் வந்தது.

தொடக்ககால விதிகளில் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொருவரும் தன் டெக்கிலிருந்து ஒரு கார்டைப் பந்தயமாக வைக்க வேண்டும். ஜெயித்தவருக்கு அது சொந்தம். பல்லாங்குழி ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. தோற்றவர் அடுத்த சுற்றில் கையிலிருக்கும் காய்க்கு ஏற்றபடிதான் குழியை நிரப்ப முடியும், மிச்சக் குழி அவருக்கு இல்லை. ஜெயித்தவர் கூடுதல் பலத்தோடு அடுத்த சுற்றைத் தொடங்குவார். ஆனால் பல்லாங்குழியில் பலகையை மடக்கி வைத்தால் கணக்கு முடிந்தது. நாளைக்கு இருவரும் சமம். மேஜிக்கில் பந்தய விதி சில வருடத்திலேயே வழக்கொழிந்தாலும், கணக்கு மட்டும் ஆட்டத்தோடு முடிவதில்லை. நீங்கள் பிறந்த வீட்டின் கணக்கோடு சேர்த்துத்தான் மேஜைக்கு வருகிறீர்கள்.

விலை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். 1995-ல் க்ரானிகிள்ஸ் என்ற தொகுப்பில் பழைய அபூர்வ கார்டுகளை நிறுவனம் மறுபடி அச்சிட்டது. விலை இறங்கியது, சேகரித்து வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். 1996-ல் நிறுவனம் ஒரு பட்டியல் வெளியிட்டு, இதில் உள்ள கார்டுகளை இனி அச்சிடவே மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது. ரிசர்வ்ட் லிஸ்ட் என்பார்கள். இன்றைக்கும் அந்த வாக்கு நிற்கிறது. நீலம், கறுப்பு இரண்டு நிற மானாவும் தருகிற அண்டர்கிரவுண்ட் சீ என்ற நிலக் கார்டு பல நூறு டாலருக்குப் போவதற்கு முக்கியமான காரணம் இதுதான். ஒரு காகிதத்தை அச்சடிக்கச் சில சென்ட் போதும். அச்சடிக்க மாட்டேன் என்ற வாக்குக்குத்தான் மிச்ச விலை.

எதிர்ப்பக்கத்தில் சோல் ரிங் இருக்கிறது. ஒரு மானா கொடுத்து அழைத்தால் ஒவ்வொரு சுற்றும் இரண்டு மானா தரும். கமாண்டரில் மிக வலுவான கார்டுகளில் ஒன்று. விலை ஓரிரு டாலர். நிறுவனம் விற்கும் தயார் டெக்குகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதைப் போட்டுத் தருவதால் எல்லோரிடமும் இருக்கிறது. முதல் சுற்றிலேயே ஒருவர் சோல் ரிங் வைத்தால் மற்ற மூவரும் 'அடப்பாவி' என்று சிரிப்பார்கள். அண்டர்கிரவுண்ட் சீ வைத்தால் அந்தச் சிரிப்பு வராது. பலம் நம்மை அவ்வளவாக உறுத்துவதில்லை. நமக்குக் கிடைக்க வழியில்லாத பலம்தான் உறுத்துகிறது.

*

சரி, 50 டாலருக்குள் ஒரு டெக் கட்ட வேண்டும். எப்படி?

முதல் விஷயம் நிலம். 100-ல் 36 முதல் 38 வரை நிலத்துக்கே போய்விடும். மூன்று நிறம், நான்கு நிறம் என்று ஆசைப்பட்டால் எல்லா நிறமும் சமயத்துக்குக் கிடைக்கும்படி நிலம் அமைக்க வேண்டும். பணம் கரைவது அங்கேதான். டிஸ்மல் பேக்வாட்டர் என்ற நிலமும் நீலம், கறுப்பு இரண்டும் தரும். விலை சில சென்ட். முக்கியமான வித்தியாசம், மேஜைக்கு வந்த சுற்றில் அதைப் பயன்படுத்த முடியாது, அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். காசு உள்ளவருக்கு உடனே கிடைப்பது இல்லாதவருக்கு ஒரு சுற்று தள்ளிக் கிடைக்கிறது. வரிசையில் நிற்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனவே ஒரே நிறத்தில் நிற்பது புத்திசாலித்தனம். அடிப்படை நிலம் கிட்டத்தட்ட இலவசம். அடுத்து, தலைவனையே இயந்திரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்போதும் கைக்கு எட்டும் கார்டு அது ஒன்றுதான். தேவையான கார்டைத் தேடித் தரும் விலையுயர்ந்த மந்திரங்களின் அவசியம் இதனால் குறைகிறது. சிவப்பு நிறத்தில் க்ரென்கோ, மாப் பாஸ் என்று ஒரு தலைவன் உண்டு. கோப்ளின் என்ற குட்டிப் பூதங்களின் தாதா. அவனைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும், உங்களிடம் எத்தனை கோப்ளின் இருக்கிறதோ அத்தனை புதிய கோப்ளின் வரும். அவனும் கோப்ளின்தான். 1 இருந்தது 2 ஆகும், பிறகு 4, 8, 16.

மூன்றாவது விஷயம்தான் கமாண்டரின் ரகசியம். எதிரி ஒருவரல்ல, மூவர். ஒருவரை ஒருமுறை தாக்கும் கார்டு இங்கே மெலிந்துவிடும். 'ஒவ்வொரு எதிரிக்கும்' என்று எழுதியிருக்கும் கார்டு மூன்று மடங்காகும். இம்பாக்ட் ட்ரெமர்ஸ் என்ற சாதாரண கார்டு அப்படித்தான். உங்கள் பக்கம் ஓர் உயிரினம் நுழையும்போதெல்லாம் எதிரிகள் ஒவ்வொருவருக்கும் 1 உயிர் சேதம். க்ரென்கோ நான்காவது முறை 8 கோப்ளினை அழைத்தால் மூவருக்கும் தலா 8, மொத்தம் 24. பிளாஸ்ஃபெமஸ் ஆக்ட் என்று இன்னொன்று. மேஜையைத் துடைத்துப் போடும் மந்திரம். அழைக்க 9 மானா, ஆனால் மேஜையில் உள்ள ஒவ்வோர் உயிரினத்துக்கும் ஒரு மானா குறையும். 4 பேர் கூட்டம் சேர்த்து வைத்திருக்கும் மேஜையில் அது பல நேரம் ஒரே மானாவுக்குக் கிடைக்கும்.

இதே தர்க்கம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 2000-ல் வந்த ரிஸ்டிக் ஸ்டடி அப்போது சாதாரண கார்டு, பாக்கெட்டைப் பிரித்தால் கிடைப்பது. எதிரி ஒரு மந்திரம் போடும்போது கூடுதலாக ஒரு மானா செலுத்தாவிட்டால் உங்களுக்கு ஒரு கார்டு. ஓர் எதிரி என்றால் சுமார். மூன்று எதிரி என்றால் அடைமழை. கமாண்டர் பரவப் பரவ அதன் விலையும் சில பத்து டாலருக்கு ஏறிவிட்டது. எது மலிவு, எது அபூர்வம் என்பது கார்டுக்குள் எழுதப்பட்டிருக்கவில்லை. நாம் எப்படிச் சேர்ந்து ஆடுகிறோம் என்பதில் இருக்கிறது.

கடைசியாக, காசே செலவில்லாத ஓர் ஆயுதம்: மற்றவர்கள். 4 பேர் மேஜையில் பலசாலி தனியாகத் தெரிவார். மூவரும் அவர் பக்கம் திரும்புவார்கள். எளிய டெக் வைத்திருப்பவர் மீது யாருக்கும் பயமில்லை, அவர் மெல்ல வளரலாம், பேரம் பேசலாம். 'நீ அவனை அடி, நான் உன்னை இந்தச் சுற்றில் தொட மாட்டேன்.' இதனால்தான் கமாண்டரில் 40 டாலர் டெக் 400 டாலர் டெக்கை அவ்வப்போது வீழ்த்துகிறது.

இதில் மயங்கிவிடக் கூடாது. பேரம் பேச நேரம் வேண்டும். 4,000 டாலர் டெக் மூன்றாவது, நான்காவது சுற்றிலேயே ஆட்டத்தை முடித்துவிடக் கூடியது. மூன்று பேர் சேர்ந்து யோசிப்பதற்குள் கதை முடிந்திருக்கும். வித்தியாசம் ஓரளவுக்குள் இருக்கும்வரைதான் கூட்டம் பலவீனரைக் காப்பாற்றும். அந்த அளவைத் தாண்டினால் மூவரும் சேர்ந்தே வேடிக்கை பார்ப்பார்கள்.

*

பட்ஜெட் டெக் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சொல்வார்கள்: எல்லை இருந்தால்தான் கற்பனை பிறக்கும். பொய்யில்லை. பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவவாதி 1978-ல் வெளியான தி கிராஸ்ஹாப்பர் என்ற நூலில் விளையாட்டையே இப்படித்தான் வரையறுத்தார்: தேவையில்லாத தடைகளை நாமாக விரும்பி ஏற்றுக்கொண்டு அவற்றைத் தாண்ட முயல்வது. பந்தைக் குழிக்குள் போடுவதுதான் நோக்கமென்றால் கையால் எடுத்துப் போட்டுவிட்டுப் போகலாமே. கோல்ஃப் ஆடுகிறவர் குச்சியால்தான் தட்டுவேன் என்கிறார். 50 டாலருக்குள் கட்டுவேன் என்பதும் அந்த மாதிரிக் குச்சிதான்.

ஆனால் சூட்ஸின் வரையறையில் 'விரும்பி' என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லில்தான் எனக்குக் கேள்வி. இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வீட்டில் அலமாரி நிறைய கார்டு வைத்திருக்கிறார், இந்த மாதம் 50 டாலர் டெக் ஒன்று சவாலுக்காகக் கட்டுகிறார். இன்னொருவரிடம் இருப்பதே 50 டாலர், அதுவும் மூன்று மாதம் சேர்த்தது. இருவரும் அதே க்ரென்கோ, அதே 100 கார்டு கொண்டுவருகிறார்கள். மேஜையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒருவருக்கு அது குச்சி, இன்னொருவருக்குச் சுவர். முதலாமவர் தோற்றால் 'பட்ஜெட் டெக்தானே' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு வேறு டெக்கை எடுப்பார். இரண்டாமவருக்கு அடுத்த டெக் கிடையாது.

அதனால் 'எல்லை கற்பனையை வளர்க்கும்' என்பதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது ஒழுக்கம். இல்லாதவரிடம் இருப்பவர் சொன்னால் அது வேறு. பசியோடு இருப்பவனிடம் விரதத்தின் மகிமையைச் சொல்வது போன்றது.

அதே முதலாமவர் தன் மலிவு டெக்கால் ஜெயித்துவிட்டு 'பாத்தியா, காசு முக்கியமே இல்ல' என்று சொல்வதும் உண்டு. காசு இல்லாமல் ஜெயித்தார், சரி. ஆனால் எந்த 50 சென்ட் கார்டு 20 டாலர் கார்டின் வேலையைச் செய்யும் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடிய பழக்கம், பல டெக் கட்டிப் பிரித்த அனுபவம், உட்கார்ந்து தேட நேரம். இவையும் மூலதனம்தான், விலைச்சீட்டு ஒட்டாத மூலதனம். பட்ஜெட் என்ற வரம்பு ஒரே ஓர் ஏற்றத்தாழ்வை மட்டும் மேஜைக்கு வெளியே நிறுத்துகிறது. அதுவே பெரிய விஷயம்தான், எல்லாமே சமமாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளாதவரை.

*

'இவ்வளவு எதுக்கு, பிரிண்ட் எடுத்துக்கலாமே?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கேட்கவேண்டிய கேள்விதான். அசல் கார்டுக்குப் பதில் அச்செடுத்த தாளை வைத்து ஆடுவதற்கு ப்ராக்ஸி என்று பெயர். அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் செல்லாது. நண்பர்களுக்குள் பலரும் ஆடுகிறார்கள். அசல் என்று சொல்லி ஏமாற்றி விற்றால் அது கள்ள அச்சு. அதில் விவாதத்துக்கே இடமில்லை. விற்காமல், மறைக்காமல், ஆட மட்டும் வைத்துக்கொண்டால்?

யாருக்கு நஷ்டம் என்று பார்ப்போம். ரிசர்வ்ட் லிஸ்ட் கார்டை நிறுவனம் அச்சிடப்போவதே இல்லை. நான் அதை இன்னொருவரிடம் பல நூறு டாலருக்கு வாங்கினாலும் நிறுவனத்துக்கோ அதை வரைந்த ஓவியருக்கோ அந்த விற்பனையில் ஒன்றும் போவதில்லை. 2022-ல் 30-வது ஆண்டு நிறைவுக்காக நிறுவனமே ஒரு பதிப்பு வெளியிட்டது. பழைய கார்டுகள், பின்பக்கம் வேறு, போட்டிகளில் செல்லாது. 4 பாக்கெட், மொத்தம் 60 கார்டு, விலை 999 டாலர். வாக்கை மீறாமல் வாக்கைச் சுற்றிப்போன வழி. ப்ராக்ஸிக்காரர்களைத் திருடர்கள் என்று சொல்லும் வாதம் அன்றைக்குப் பாதி பலத்தை இழந்தது.

எனக்கு ப்ராக்ஸி மீது ஒழுக்கரீதியான எதிர்ப்பு இல்லை. ஆனால் அது பாதிப் பிரச்சினையைத்தான் தீர்க்கிறது. இதுவரை விலை ஒரு முரட்டுக் கடிவாளமாக இருந்தது. அநியாயமான கடிவாளம், இருந்தாலும் கடிவாளம். அதைக் கழற்றிவிட்டால் மேஜையில் உள்ள நால்வரும் 4,000 டாலர் டெக்கைத் தாளில் அச்சிட்டுக்கொண்டு வரலாம். நான்காவது சுற்றில் ஆட்டம் முடியும். கோப்ளின் கூட்டத்தை மெல்ல வளர்த்துப் பார்க்க விரும்பியவருக்கு அங்கே இடமில்லை. பணத்தால் வந்த அநீதி போய்விட்டது, பலத்தால் வரும் அநீதி அப்படியே இருக்கிறது. நமக்கு என்ன மாதிரி ஆட்டம் வேண்டும் என்று பேசியே தீரவேண்டிய இடத்துக்கு மறுபடியும் வந்து நிற்கிறோம்.

*

கமாண்டர் நிறுவனம் கண்டுபிடித்த வடிவம் அல்ல. அலாஸ்காவில் சில ரசிகர்கள் தொடங்கியது. ஷெல்டன் மெனரி என்ற நடுவரும் அவருடைய சகாக்களும் பரப்பினார்கள், ரசிகர்களின் குழுவே விதிகளைப் பார்த்துக்கொண்டது. 2011-ல்தான் நிறுவனம் இதற்கென்று டெக்குகள் வெளியிட்டது. ஆட்டம் தொடங்கும் முன் பேசிக்கொள்ளுங்கள், மேஜை ஒப்புக்கொண்டால் விதியையே மாற்றிக்கொள்ளலாம் என்பது இந்த வடிவத்தின் அடித்தளம். ரூல் ஜீரோ, பூஜ்யமாவது விதி என்பார்கள்.

2024 செப்டம்பரில் அந்தக் குழு 4 கார்டுகளைத் தடை செய்தது. மானா க்ரிப்ட், ஜூவல்ட் லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட் ஆகிய மூன்றும் விலை உயர்ந்தவை. ஆட்டத்தை மிக வேகமாக முடிக்க உதவுகின்றன என்பது காரணம். ஜூவல்ட் லோட்டஸ் தரும் மானாவைத் தலைவனை அழைக்க மட்டுமே செலவு செய்யலாம். கமாண்டரில் தடை என்றால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. விலைகள் சரிந்தன. குழுவில் இருந்தவர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. ஒரு வாரத்துக்குள் அவர்கள் பொறுப்பை நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள்.

தடை சரியா தவறா என்பதைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து உண்டு. என்னைத் தொந்தரவு செய்வது வேறு. ஆட்டம் நன்றாக இருக்க வேண்டும் என்று எடுத்த முடிவை, சேமிப்பு போய்விட்டது என்ற கோபத்தோடு மனிதர்கள் எதிர்கொண்டார்கள். அந்தக் கோபத்தை முழுக்கப் பழிக்கவும் முடியவில்லை. நூறு டாலர் கொடுத்துப் போன மாதம் வாங்கியவருக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் காய் சொத்தாக மாறிவிட்ட பிறகு, ஆட்டத்துக்குள் நியாயம் பேசுவது ஆட்டத்துக்கு வெளியே ஒருவரின் பணப்பையைத் தொடுவதாகிவிடுகிறது. மிரட்டல் அங்கிருந்துதான் வந்தது.

2025 பிப்ரவரியில் நிறுவனம் டெக்குகளை ஐந்து படிகளாகப் பிரிக்கும் ஒரு முறையைச் சோதனையாகக் கொண்டுவந்தது. அந்தப் படிகளில் விலை ஓர் அளவுகோல் இல்லை. என்ன மாதிரி ஆட்டம், எவ்வளவு வலுவான கார்டுகள் என்பவைதான். பேச்சைத் தொடங்க ஒரு சொல்லகராதி என்று சொல்லலாம். பேச்சை அதுவே பேசிவிடாது.

*

எதுதான் நியாயம்? சமமான டெக்குகள் என்று பதில் சொல்லத் தோன்றும். நம் ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 3 புலி, 15 ஆடு. எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும். இரு பக்கமும் துளிகூடச் சமமில்லை. புலி வெட்டும், ஆடு வெட்டாது. இருந்தும் அதை யாரும் அநியாயமான ஆட்டம் என்று சொன்னதில்லை. ஏற்றத்தாழ்வு இரண்டு பேருக்கும் தெரிந்தே கோட்டில் வரையப்பட்டிருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாறிக்கொள்ளலாம். ஆட்டுக்காரருக்குக் கடைசிவரை செய்வதற்கு வேலை இருக்கிறது. சமமின்மையும் அநீதியும் வேறு வேறு.

ஜான் ரால்ஸ் 1971-ல் எழுதிய நீதி பற்றிய நூலில் ஒரு சோதனை சொல்கிறார்: சமூகத்தில் நீங்கள் யாராகப் பிறப்பீர்கள் என்று தெரியாத நிலையில் அதன் விதிகளை வகுக்கச் சொன்னால் எப்படி வகுப்பீர்கள்? இதை மேஜைக்குக் கொண்டுவரலாம். நான்கு டெக்கையும் கவிழ்த்து வையுங்கள். குலுக்கல் முறையில் ஒன்று உங்களுக்கு வரும். எது என்று தெரியாது. இப்போது சொல்லுங்கள், இந்த நான்கும் ஒரே மேஜையில் ஆடலாமா? 40, 70, 200, 4,000 என்றால் நான் தயங்குவேன். 40 டாலர் டெக் வந்தாலும் இரண்டு மணிநேரம் எனக்கு அங்கே வேலை இருக்குமா, அல்லது மற்றவர்களின் ஆட்டத்துக்குப் பார்வையாளனாக இருப்பேனா என்று கேட்பேன். நான்கில் எது வந்தாலும் உட்காரச் சம்மதம் என்றால் அந்த மேஜை நியாயமானது. ஜெயிக்கும் வாய்ப்பு சரிசமமாக இருக்க வேண்டியதில்லை. ஆளாக இருக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும்.

50 டாலர் என்ற எண்ணில் புனிதம் ஏதுமில்லை. அது 30 ஆகவும் இருக்கலாம், ப்ராக்ஸியோடு எண்ணே இல்லாமலும் இருக்கலாம். 'நான் உன்னை மிதித்துத் தள்ள மாட்டேன்' என்று நால்வரும் கொடுத்துக்கொள்ளும் வாக்குக்கு அது ஒரு வசதியான குறியீடு.

அந்த வாக்கை முதலில் யார் சொல்ல வேண்டும்? பூஜ்யமாவது விதி இதைச் சொல்வதில்லை, எல்லோரும் பேசுங்கள் என்கிறது. ஆனால் எல்லோராலும் ஒரே மாதிரிப் பேச முடியாது. 40 டாலர் டெக் வைத்திருப்பவர் 'உன் டெக் ரொம்ப ஜாஸ்தி' என்றால் அது புகாராகக் கேட்கும், பொறாமையாகவும் கேட்கலாம். அதைச் சொல்வதற்குத் தன் இல்லாமையை மேஜைமேல் எடுத்து வைக்க வேண்டும். பலர் அதைச் செய்யாமல் சிரித்துக்கொண்டே தோற்பார்கள், பிறகு வராமல் போவார்கள். அதே விஷயத்தை 4,000 டாலர்காரர் 'இன்னொரு டெக் இருக்கு, அத எடுக்கட்டுமா?' என்று கேட்டால் யாருக்கும் எதுவும் குறைந்துபோவதில்லை. ஒரே பொருள்தான், ஒரு வாயிலிருந்து வந்தால் அவமானம், இன்னொரு வாயிலிருந்து வந்தால் நட்பு. அதனால் பேச்சைத் தொடங்கும் பொறுப்பு அதிகம் வைத்திருப்பவருடையது என்று நினைக்கிறேன். விதியை மீறாத அவர்மீது குற்றம் எதுவும் இல்லை. கேட்பதற்கு ஆகும் செலவு அந்த மேஜையில் அவருக்குத்தான் மிகக் குறைவு.